செடிக்கு எடுத்த தண்ணீர்

பெண்டாட்டி விட்டுப் போன துக்கத்தில் நான் பூச்சிமருந்து குடித்துவிட்டேன் என்று பாலக்கோட்டில் பாதிப் பேர் இன்னும் நம்புகிறார்கள். அந்த அளவு ரோஷமெல்லாம் எனக்குக் கிடையாது. நடந்தது அதைவிடக் கேவலம். ஹாலில் இருந்த ஒரு தொட்டிச் செடிக்கு, ஜன்னலைச் சாத்திவிட்டு, தலைக்கு மேலே ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்போது மருந்தடித்தேன். மருந்து செடிக்குப் போய்ச் சேரவில்லை. ஃபேன் அதை வாங்கி, டிவிக்குக் கொஞ்சம், காலண்டர் முருகனுக்குக் கொஞ்சம், மிச்சத்தை என் மூஞ்சிக்கு என்று பங்கு போட்டுக் கொடுத்தது.

இதில் கூடுதல் சிறப்பு, என் தொழிலே உரக்கடை. காத்துக்கு எதிரே நின்று அடிக்காதீங்க, மூக்குக்குத் துணி கட்டுங்க என்று தக்காளிக்காரர்களுக்கெல்லாம் பாடம் சொல்லி அனுப்புகிற வாய் இது. அந்த வாயில்தான் மருந்து போயிருந்தது.

கண் எரிந்து, வாந்தி எடுத்து, வாசல்படியில் உட்கார்ந்திருந்தவனை எதிர் வீட்டு அம்மா பார்த்துவிட்டு ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். சட்டையில் வாசனை தூக்கலாக இருந்ததால் அங்கே யாரும் வேறெதையும் யோசிக்கவில்லை.

"எவ்ளோங்க குடிச்சீங்க?" என்று நர்ஸ் கேட்டார்.

"குடிக்கலம்மா. செடிக்கு அடிச்சேன்."

"எந்தத் தோட்டத்துல?"

"ஹால்ல."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "வூட்டுல யாரு இருக்காங்க?"

"யாருமில்ல. சம்சாரம் பெங்களூர்ல இருக்கு."

அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்தி, "எல்லாம் சரியாப் போயிடுங்க சார், மனச உட்டுறாதீங்க" என்றார். நான் சாயங்காலம் வீடு திரும்புவதற்குள் அந்தச் செய்தி எனக்கு முன்னால் திரும்பியிருந்தது. கடைக்கு வந்தவர்கள் ஒரு வாரம் என்னிடம் பேரமே பேசவில்லை.

சம்சாரம் பெங்களூர் போனது சண்டை போட்டுக்கொண்டு அல்ல. மகனுக்குக் குழந்தை பிறந்தது, பார்த்துக்கொள்ளப் போனாள். குழந்தைக்குத் தலை நிற்கட்டும், வந்துவிடுகிறேன் என்றாள். தலை நின்றது. குப்புற விழட்டும் என்றாள். விழுந்தது. தவழட்டும் என்றாள். இப்போது அந்தப் பயல் வீட்டுக்குள் ஓடி ஸ்டூலைத் தள்ளிவிடுகிறான். அவள் ஒன்றும் சொல்வதில்லை. நானும் கேட்பதில்லை. எனக்கு எதையும் நேராகக் கேட்கிற பழக்கம் இல்லை. தமாஷாகத்தான் கேட்பேன், அதற்கு அவளும் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாள்.

மகன்தான் ஒரு நாள் போனில் சொன்னான். "அம்மா இங்கயே இருந்துடறேன்னு சொல்றாங்கப்பா. முட்டி வலி இங்க பரவால்லையாம். கல்யாணத்துக்கு தருமபுரி வரும்போது உங்ககிட்ட நேர்ல பேசறேன்னாங்க."

கல்யாணம் அவள் அண்ணன் வீட்டில். ஆவணியில் முகூர்த்தம். அப்போது நடந்துகொண்டிருந்தது சித்திரை. அந்த இடைவெளியில் அவள் இங்கே தங்குவதற்கு ஒரு காரணத்தை நான் தயார் செய்தாக வேண்டும். வீடு முழுக்கத் தேடிப் பார்த்தேன். அவளுடையது என்று சொல்கிற மாதிரி இருந்தது அந்தச் செடி ஒன்றுதான். அதுவும் செத்துக்கொண்டிருந்தது.

பீஸ் லில்லி என்று பெயர். ஓசூர் ரோட்டில் ஒரு நர்சரியில் வண்டியை நிறுத்தச் சொல்லி அவள் வாங்கியது. கரும்பச்சையாக அகல இலை, நடுவில் ஒற்றை இதழாக வெள்ளைப் பூ. எங்கள் இரண்டு பேர் வீட்டிலும் தலைமுறை தலைமுறையாக விவசாயம். காய்க்காத ஒன்றை வீட்டுக்குள் வைத்துத் தண்ணீர் ஊற்றுவது எங்கள் வழக்கத்திலேயே இல்லை. நான் சும்மா இருப்பேனா. வருகிறவர்களிடமெல்லாம், "இதுல பொரியல் ஆவாது, ரசம் ஆவாது, வித்தா பஸ் சார்ஜுகூடத் தேறாது, எங்க வூட்டுல என்னிய மாதிரி இன்னொன்னு" என்று அறிமுகப்படுத்துவேன். எல்லோரும் சிரிப்பார்கள். அவள் ஈரத்துணியால் இலையைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

பெங்களூர் கிளம்பும்போது, "சோறு ஓட்டல்ல பாத்துக்குவீங்க. செடிதான் பாவம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். என்னைப் பாவம் என்று அவள் சொல்லவில்லை. அப்போது அதை நான் கவனிக்கவில்லை.

வீடியோ காலில் அவள் முதலில் கேட்பது, "செடியக் காட்டுங்க." இலை நுனியெல்லாம் பழுப்பாகக் கருக ஆரம்பித்ததும் தொட்டியைத் திருப்பி நல்ல பக்கமாகக் காட்டினேன். பிறகு நல்ல பக்கம் என்று ஒன்று இல்லாமல் போனது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்கவில்லை.

உரக்கடைக்காரன் என்ன செய்வான். உரம் வைத்தேன். சொட்டுநீரில் விடுகிற கரையும் உரம், தக்காளிக்கு ஏக்கர் கணக்கில் சிபாரிசு செய்கிற சரக்கு. நுனியில் இருந்த கருகல் இலையின் பாதிக்கு வந்தது. பூஞ்சாணம் என்று முடிவு செய்து அதற்கு ஒரு பவுடரைக் கரைத்து ஊற்றினேன். தண்டு தொய்ந்தது. அப்புறம் கண்ணுக்குத் தெரியாத பூச்சி என்று முடிவு செய்தேன். அதன் முடிவுதான் ஆஸ்பத்திரி.

ஆஸ்பத்திரிக் கதையைக் கேட்டு மகன் பதறிப்போய்ப் போன் செய்தான். பிறகு போனை அவள் வாங்கினாள்.

"நெசமா குடிக்கலயே?"

"இல்ல. சத்தியமா செடிக்குத்தான் அடிச்சேன்."

"செடி எப்படி இருக்கு?" என்றாள்.

என் மருந்தில் எனக்கே நம்பிக்கை போனபோது, எங்கள் பக்கத்து விவசாயி செய்கிறதையே நானும் செய்தேன். கருகின இலை ஒன்றைக் கிள்ளி பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு, என்னைத் தெரியாத கடையாகப் பார்த்து தருமபுரிக்கு பஸ் ஏறினேன். இங்கே வைத்தியம் அப்படித்தான். வயலை யாரும் வந்து பார்ப்பதில்லை. இலை கடைக்கு வரும், கடைக்காரர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், அலமாரி பக்கம் திரும்புவார். இருபத்தைந்து வருஷமாக அந்த அலமாரிப் பக்கம் நின்றவன் முதல்முறையாக இந்தப் பக்கம் நின்றேன்.

கல்லாவில் இருந்தவர் இலையைத் தூக்கிப் பார்த்தார். என்ன செடி என்று கேட்கவில்லை. எங்கே வைத்திருக்கிறீர்கள், என்ன தண்ணீர் என்று கேட்கவில்லை. அலமாரி பக்கம் திரும்பினார். மூன்று பாக்கெட் வரிசையாக வந்து உட்கார்ந்தது. எதில் லாபம் அதிகமோ அது முதலில். நானும் அதே வரிசையில்தான் வைப்பேன்.

"மருந்தில்லாமச் சரியாவாதுங்களா?" என்று கேட்டேன்.

"மருந்தில்லாமச் சரியாவுறதுக்கு எதுக்குங்க இவ்ளோ தூரம் பஸ்ல வந்தீங்க?"

என் கடையில் யாராவது அப்படிக் கேட்டிருந்தால் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன், இன்னும் கொஞ்சம் சிரிப்பு சேர்த்து. மூன்றில் ஒன்றை மரியாதைக்கு வாங்கிக்கொண்டு வந்து, வீட்டுப் பரண்மேல் போட்டேன்.

அன்று மதியம் செடிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, முதல்முறையாக, கையில் எதுவும் இல்லாமல் அதைப் பார்த்தேன். தொட்டி விளிம்பில் சுற்றிலும் வெள்ளையாகப் பக்குப் பிடித்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். மாவு மாதிரி உதிர்ந்தது. அது எனக்குத் தெரிந்த வெள்ளைதான். பாத்ரூம் குழாயில் இருக்கிறது, வெந்நீர் வைக்கிற பாத்திரத்தின் அடியில் இருக்கிறது. எங்கள் போர்வெல் தண்ணீர் அப்படி. இதைக் குடித்து வளர்ந்த இந்தப் பக்கத்து ஆட்கள் சிரித்தால் பல்லில் இருக்கிற பழுப்புக் கோட்டைப் பார்த்தே வெளியூர்க்காரன் ஊரைச் சொல்லிவிடுவான். நான் அதிகம் சிரிக்கிறவன் என்பதால் என் ஊர் சீக்கிரம் தெரிந்துவிடும்.

எல்லா வீட்டையும் போல எங்கள் வீட்டிலும் இரண்டு தண்ணீர். போரில் வருவது உப்புத் தண்ணி. குளிக்க, துவைக்க, மாட்டுக்கு, செடிக்கு. ஒகேனக்கல் பக்கமிருந்து குழாயில் வருவது ஆத்துத் தண்ணி. அது மனுஷர் குடிக்க மட்டும். ஆத்துத் தண்ணியில் கையைக் கழுவினாலே வீட்டில் திட்டு விழும். அதைச் செடிக்கு ஊற்றுவது எங்கள் ஊர்க்காரன் எவனுக்கும் தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை. செடி என்றால் உப்புத் தண்ணி. தென்னை குடிக்கிறது, தக்காளி குடிக்கிறது, இதற்கென்ன.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. சாப்பிட்டு எழுந்ததும் டம்ளர்களில் மிச்சம் இருக்கிற தண்ணீரை அவள் கொண்டுபோய் அந்தத் தொட்டியில்தான் ஊற்றுவாள். சிக்கனம் என்று நினைத்திருந்தேன். அதையும் வைத்து ஒரு தமாஷ் செய்திருந்தேன், என் எச்சில் குடித்து வளர்கிற ஒரே ஜீவன் என்று.

செடியைத் தொட்டியிலிருந்து தலைகீழாகத் தட்டி எடுத்தேன். பாதி வேர் கறுத்து, பிசைந்தால் வழுவழுவென்று கையோடு வந்தது. கறுத்ததையெல்லாம் பிளேடால் நறுக்கினேன். பழைய மண்ணை, அதில் நான் கொட்டிய மொத்த விஞ்ஞானத்தோடு சேர்த்து, வெளியே வீசினேன். கடையில் தக்காளி நாற்றுக்கு விற்கிற தென்னைநார்த் தூளை மண்ணோடு கலந்து புதிதாக நட்டேன். நேர்வெயில் படாத மூலைக்கு நகர்த்தினேன். மிஞ்சியது நாலு இலை. இனி ஆத்துத் தண்ணி வேண்டும்.

ஆத்துத் தண்ணி எங்கள் வீட்டுக்குள் வருவதில்லை. தெருமுனைக் குழாயில் வரும், ஒருநாள் விட்டு ஒருநாள், அதற்கு மனசிருந்தால். அவள் போன பிறகு எனக்குக் குடிக்க ஓட்டல் தண்ணீரே போதுமாக இருந்தது. மேல்தெருவில் எல்லோரும் வீட்டுக்கு இணைப்பு வாங்கித் தொட்டி கட்டிக்கொண்டார்கள். அவளும் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். "முட்டி புடிச்சுக்குதுங்க, ஒரு பைப்ப உள்ள இழுத்து உட்டுருங்க." பார்க்கலாம் என்பேன். விருந்தாளி யாராவது இருந்தால், "மத்தவங்க வூட்டுக்குத் தண்ணி பைப்புல வருது, எங்க வூட்டுக்கு ரெண்டு காலுல நடந்து வருது" என்பேன். அது என்னுடைய நல்ல தமாஷ்களில் ஒன்று. முதல் தடவை அவளும் சிரித்தாள்.

அவளுடைய பச்சைக் குடத்தை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றேன். வரிசையில் நான் ஒருத்தன்தான் ஆம்பளை. எதிர் வீட்டு அம்மா முன்னால் நின்றுகொண்டிருந்தார். மண்டியில் தக்காளி தரம் பிரிக்கிற வேலை அவருக்கு. பழம் கையில் பட்டதுமே நல்லது, சுமார், கொட்டு என்று மூன்று கூடைக்கு வீசுகிற கை. வாயும் அப்படித்தான்.

"என்னாங்ணா, சமையல் ஆரம்பிச்சுட்டீங்களா?"

"இல்லம்மா. செடிக்கு."

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

"எந்தச் செடிக்கு? நீங்க மருந்து குடிச்சீங்களே, அதுக்கா?"

"குடிக்கல தாயி, அடிச்சேன்."

"ஆத்துத் தண்ணியவா செடிக்கு ஊத்தப் போறீங்க? அதென்ன கலெக்டர் வூட்டுச் செடியா?" என்றார் பின்னால் நின்ற இன்னொருத்தி.

"எங்க வூட்டு மேனேஜர் செடி. ஆவணியில இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றாங்க" என்றேன். சிரித்தார்கள். எதிர் வீட்டு அம்மா மட்டும் சிரிக்காமல் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இடுப்பில் வைக்கத் தெரியாமல் தோளில் வைத்தேன். கால் குடம் சட்டைக்குள் போனது. வாசல்படி ஏறும்போது வலது முட்டியில் ஒரு சத்தம் வந்தது, காய்ந்த சுள்ளி ஒடிகிற மாதிரி. அந்தச் சத்தம் எனக்குப் புதிதில்லை. அவள் இருக்கும்போது சமையலறையிலிருந்து எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். கதவு என்று நினைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், சும்மா இருப்பது. அதைப் போலக் கஷ்டம் வேறில்லை. காலையில் கடைக்குப் போகும்முன் கை பரபரக்கும், ஒரு சிட்டிகை ஏதாவது போடலாமா என்று. போடவில்லை. மண்ணை விரலால் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஒரு டம்ளர் ஆத்துத் தண்ணி. குழாய் வருகிற நாளில் கடையை லேட்டாகத் திறந்தேன். ஆனி கடைசியில் நடுவிலிருந்து ஒரு இலை பீடி மாதிரிச் சுருண்டு மேலே வந்தது. சில நாளில் பிரிந்தது. நுனி கருகாத முழு இலை. அதற்குப் பின்னால் இன்னொன்று. ஆடிக் காற்று அடங்கும்போது தொட்டியின் வாய் மறைகிற அளவுக்கு இலை பிடித்து, நடுவில் வெள்ளையாக ஒரு பூ.

போட்டோ எடுத்து அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது. அவள் படுக்கிற பக்கத்துச் சுவரை வெள்ளையடித்து வைத்தேன்.

கல்யாண வீட்டில் தலையைக் காட்டிவிட்டு நான் முன்னாலேயே வந்துவிட்டேன். அவள் கல்யாணம் முடிந்து மகனோடு காரில் வந்து இறங்கினாள். வாசல்படியில் சுவரைப் பிடிக்காமல் ஏறினாள். அதைப் பார்த்ததும் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். எனக்கு, பெங்களூரில் முட்டி வலி பரவாயில்லை என்று மகன் சொன்னதுதான் ஞாபகம் வந்தது.

நேராகச் செடியிடம் போய் எதிரே உட்கார்ந்தாள். இலையைத் தூக்கி அடியில் பார்த்தாள். நான் டாக்டர் மாதிரி பக்கத்தில் நின்று விளக்கினேன்.

"எல்லாம் உப்புத் தண்ணியால வந்தது. நுனி கருகுறது, தொய்யறது, எல்லாம். தண்ணிய மாத்துனதும் புடிச்சுக்கிச்சு பாரு. மருந்தே வேணாம். நல்ல தண்ணி இருந்தாப் போதும்."

"தண்ணி யாரு எடுத்தாந்தது?"

"நான்தான்."

"தெருக் கொழாயிலயா?"

"ஆமா. உன் கொடத்துலதான். வரிசையில நின்னு. மழையிலகூட ஒரு நாளு நின்னேன்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாக இருந்தால் ஏதாவது தமாஷ் சொல்லிச் சமாளித்திருப்பேன். கோபம் இல்லை. கணக்கு முடிந்துவிட்ட கடையில் இருந்து எழுந்து போகிறவர்கள் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. சமையலறைப் பக்கம் பார்த்தாள். பச்சைக் குடம் மேடை மேல் கவிழ்த்து வைத்திருந்தது.

"கனமா இருந்துச்சா?" என்றாள்.

"கொஞ்சம்."

சாப்பிட்டோம். ஓட்டல் சாப்பாடுதான். அவள் டம்ளரில் நான் தண்ணீர் ஊற்றினேன். "சாக்கு, சாக்கு" என்று கையைக் காட்டினாள். போதும் என்பதற்குக் கன்னடம் பழகியிருந்தாள். மிச்சத் தண்ணீரைக் கொண்டுபோய்த் தொட்டியில் ஊற்றினாள். பிறகு மகனைக் கூப்பிட்டு, தொட்டியை மெதுவாகத் தூக்கிக் காரில் வைக்கச் சொன்னாள்.

"இங்கயே இருக்கட்டுமே. இப்பத்தான் நல்லா வந்துருக்கு" என்றேன்.

"நல்லா வந்துருக்குங்க, அதான். இப்ப எடுத்துட்டுப் போனாத் தாங்கும். முன்ன மாதிரி இருந்திருந்தா வழியிலயே போயிருக்கும்."

"அப்ப என்னிய யாரு பாத்துக்கறது?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். என் வாழ்க்கையில் அவளிடம் நான் நேராகக் கேட்ட கேள்வி அது ஒன்றுதான். அதையும் சிரித்துக்கொண்டுதான் கேட்டேன்.

"நீங்க உப்புத் தண்ணியிலயே வளந்தவங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆவாது" என்றாள். அவளும் லேசாகச் சிரித்தாள். பின்சீட்டில் தொட்டியை இரண்டு பாதத்துக்கும் நடுவில் வைத்து, கார் குலுங்கினால் சாயாமல் ஒரு கையால் தண்டைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையால் எனக்கு டாட்டா காட்டினாள்.

தொட்டி இருந்த இடத்தில் தரையில் ஒரு வட்டம். சுற்றிலும் தொட்டி விளிம்பிலிருந்து உதிர்ந்த வெள்ளைப் பக்கு.

மறுநாள் குழாயில் தண்ணீர் வந்தது. எதற்கென்று யோசிக்காமல் குடத்தை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றுவிட்டேன். முறை வந்தபோதுதான் உறைத்தது. குடத்தைக் குழாய்க்கு அடியில் வைக்கவும் முடியவில்லை, எடுத்துக்கொண்டு திரும்பவும் முடியவில்லை. பின்னால் எதிர் வீட்டு அம்மா நின்றுகொண்டிருந்தார். முந்தின நாள் அவர் தன் வாசலில் இருந்தபடி எல்லாவற்றையும் பார்த்திருந்தார்.

"செடிதான் போயிடுச்சே. இன்னிக்கு யாருக்குங்ணா?"

"ஃபேனுக்கு" என்றேன். "அதுதான் வூட்டுல இன்னும் நம்மள விட்டுப் போவல."

வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. என் கையிலிருந்த குடத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், கூடைக்கு வீசுவதற்கு முன் பழத்தைப் பார்க்கிற மாதிரி.

"இந்தக் கொடத்த அக்காளுக்கு முட்டி போறதுக்கு முந்தித் தூக்கியிருக்கோணும்ங்ணா. நவுருங்க, தண்ணி நிக்கப் போவுது."